மேற்கத்திய வாத்திய இசை கேட்க எந்த ஆப் நல்லது? மகள் பேண்டில் சேர்ந்துவிட்டாள், அப்பா முழிக்கிறேன்

ஈசூன்வாசி:

வணக்கம். கேள்வி சின்னதுதான். ஆனால் கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொன்னால்தான் புரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம். என் மகள் இந்த ஆண்டு உயர்நிலை ஒன்று. சிசிஏவுக்கு, அதாவது பள்ளியின் இணைப்பாட நடவடிக்கைக்கு, பூப்பந்து எடுப்பாள் என்று ராக்கெட் எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். ஒருநாள் கறுப்புப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பள்ளி பேண்டாம், கிளாரினெட்டாம். திறந்தால் உள்ளே ஐந்து துண்டாகக் கிடக்கிறது. உடைந்துவிட்டது என்று நான் பதற, அவள் சிரித்துக்கொண்டே ஒன்றோடு ஒன்றைத் திருகி மாட்டினாள். முதல் ஒரு மாதம் வீடு வாத்துப் பண்ணைதான். எதிர்வீட்டு மலாய்க்கார மக்சிக் (அத்தை) மட்டும் மின்தூக்கியில் பார்க்கும்போதெல்லாம் "பகுஸ், பகுஸ்" (நல்லா இருக்கு) என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்குக் கோயில் கட்டலாம்.

இப்போது வாத்து போய்விட்டது. ராத்திரி எட்டு மணிக்கு அறைக்குள்ளிருந்து ஏதோ மெட்டு வருகிறது. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது என்ன, எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, ஒன்றும் பிடிபடவில்லை. நான் மன்னார்குடிப் பக்கத்து ஆள். காது வளர்ந்தது நாதஸ்வரத்திலும் டீக்கடை ஸ்பீக்கர் இளையராஜாவிலும். பாட்டே இல்லாத மேற்கத்திய இசையில் எனக்குத் தெரிந்த ஒரே உருப்படி, சின்ன வயதில் டிவியில் வந்த டைட்டன் வாட்ச் விளம்பரம்.

போன வாரம் மகள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்: "ஹோல்ஸ்ட், ஃபர்ஸ்ட் சூட் இன் ஈ பிளாட். இதைத்தான் நாங்கள் பழகுகிறோம் அப்பா, கேட்டுப் பாருங்கள்." எனக்கு வேலை துவாஸில். ஈசூனில் ஏறி ஜூரோங் ஈஸ்ட்டில் மாறிப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கேட்க நேரம் உண்டு. கைப்பேசியில் ஏற்கெனவே ஒரு பாட்டு ஆப் இருக்கிறது, காசு கட்டாத வகை. அதில் ஹோல்ஸ்ட் என்று தேடினேன். செவ்வாய், வியாழன், சனி என்று கோள்களாக வந்தது. ராசிபலனோ என்று சந்தேகம். சரி, சூட் என்றும் சேர்த்துத் தேடினால் கிடைத்தது. மூன்று துண்டு. முதல் துண்டில் அடியில் பெரிய குழல் ஒன்று மெதுவாக ஒரு மெட்டை வாசிக்க, அதன்மேல் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். பிடித்திருந்தது. அடுத்த துண்டுக்குக் காத்திருந்தால் பபிள் டீ விளம்பரம். அது முடிந்தபின் அதே சூட் வந்ததா என்றால் இல்லை. யாரோ பியானோ வாசித்தார், அப்புறம் மழைச்சத்தம். தலைப்பு "ஆழ்ந்த உறக்கத்துக்கு". காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போகிறவனை!

ஒரு உருப்படியை முழுதாக, வரிசை மாறாமல் வாசித்து, யார் எழுதியது, எத்தனை பாகம், இப்போது ஓடுவது எந்தப் பாகம் என்று சொல்கிற ஆப் இருக்கிறதா? ஒரே உருப்படிக்கு நூறு ரெக்கார்டிங் காட்டினால் எதை அமுக்குவது? காசு கட்டத் தயார், ஆனால் மாதம் ஒரு நல்ல பிரியாணிக் காசுக்கு மேல் போனால் வீட்டில் விசாரணை வரும்.

இன்னொன்று, இது ஆப் கேள்வி இல்லை. மகள் "சி" ஸ்வரம் என்று சொல்லி ஊதுகிறாள், என் கைப்பேசியில் போட்ட, சுருதியைக் காட்டும் ட்யூனர் "பி பிளாட்" என்று காட்டுகிறது. கருவி கெட்டுப்போயிருக்கிறதா? பள்ளியில் போய்ச் சொல்லவா?

பழைய_டிராம்போன்:

தம்பி, முதலில் கடைசிக் கேள்வி. கருவிக்கு ஒன்றும் இல்லை. பள்ளியில் போய் எதுவும் சொல்லிவிடாதீர்கள், பிள்ளைக்கு மானம் போய்விடும். ஏன் என்று சொல்ல இந்த மன்றத்தில் சுருதிப்பெட்டி என்று ஒருவர் இருக்கிறார், அவர் வந்து சொல்லட்டும்.

நான் 80களில் பள்ளி பேண்டில் டிராம்போன் வாசித்தவன். உங்கள் ஹோல்ஸ்ட்டும் டிராம்போன்காரர்தான், இளமையில் அதை வாசித்துத்தான் பிழைத்தார். அந்த சூட்டை 1909இல் பேண்டுக்கென்றே எழுதினார். நீங்கள் சொன்ன அடியில் வரும் மெட்டு எட்டுத் தாளச் சுற்று நீளம், அதைத்தான் யூஃபோனியமும் டியூபாவும் முதலில் வாசிக்கும். அப்புறம் அந்த முதல் பாகம் முழுக்க அதே மெட்டுதான் கைமாறிக்கொண்டே போகும். மற்ற இரண்டு பாகத்தின் மெட்டுகளும் அதிலிருந்து பிறந்தவையே. அதனால்தான் மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும், உங்கள் ஆப் செய்தது பாவம். இன்னொரு செய்தி: ஹோல்ஸ்ட் சமஸ்கிருதம் படித்து, ரிக் வேதப் பாடல்களைத் தாமே மொழிபெயர்த்து இசையமைத்தவர். சாவித்திரி கதையை ஆப்பராவாகவும் போட்டார். மன்னார்குடிக்காரருக்கு அவர் அவ்வளவு அந்நியர் இல்லை.

இப்போது ஆப். சாதாரணப் பாட்டு ஆப்களுக்குப் பாட்டின் பெயர், பாடியவர், ஆல்பம் என்று மூன்று கட்டம்தான் தெரியும். நம் சினிமாவுக்கே அது பற்றாது. இந்த இசைக்கு எழுதியவர், உருப்படி, அதன் எண், பாகம், நடத்துநர் (முன்னால் நின்று கையசைத்து வழிநடத்துகிறவர்), ஆர்க்கெஸ்ட்ரா, தனியாக வாசிப்பவர் என்று ஏழெட்டுக் கட்டம் வேண்டும். ஏழெட்டை மூன்றில் திணித்தால் என்ன ஆகும்? "பாடியவர்" கட்டத்தில் ஒரு கம்பெனி பீத்தோவனைப் போடும், இன்னொன்று நடத்துநரைப் போடும், மூன்றாவது ஆர்க்கெஸ்ட்ராவைப் போடும். ஒவ்வொரு பாகத்தையும் தனிப் பாட்டு என்று ஆப் நினைத்துக்கொள்வதால், கலைத்துப் போடுகிற பொத்தான் தெரியாமல் அமுங்கியிருந்தால் கதை முடிந்தது.

நான் வைத்திருப்பது ஆப்பிள் மியூசிக் கிளாசிக்கல். நெதர்லாந்தில் பிரைம்போனிக் என்று செவ்வியல் இசைக்கு மட்டும் ஒரு ஆப் இருந்தது. ஆப்பிள் 2021இல் அதை வாங்கி, 2023 மார்ச்சில் இப்படித் தனி ஆப்பாக விட்டது. ஆண்ட்ராய்டுக்கு மே மாதம் வந்தது. ஆப்பிள் மியூசிக் சந்தா இருந்தால் இதற்குத் தனிக் காசு இல்லை, குடும்பச் சந்தா என்றால் ஆறு பேர் வரை சேரலாம். இடாஜியோ என்று பெர்லினிலிருந்து இன்னொன்று, அதுவும் செவ்வியலுக்கென்றே கட்டியது. இரண்டிலும் உருப்படிக்கு ஒரு பக்கம் இருக்கும். அதன் பாகங்கள் வரிசையாக, கீழே அதன் ரெக்கார்டிங்குகள் எல்லாம். நீங்கள் கேட்டது அதுதானே?

தேடும்போது பெயரை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள். சிம்பொனி ஐந்து என்று ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். பீத்தோவனுடையது ஓபஸ் 67. மோட்சார்ட்டுக்கு கே என்று ஆரம்பிக்கும் எண், கோஹெல் என்பவர் 1862இல் போட்ட பட்டியல் அது. பாக்குக்கு பிடபிள்யூவி. டிவோர்ஷாக்கின் "நியூ வேர்ல்ட்" சிம்பொனியை இன்று ஒன்பதாவது என்கிறோம், பழைய இசைத்தட்டு அட்டைகளில் ஐந்தாவது என்று இருக்கும். ஓபஸ் 95 என்று தட்டினால் குழப்பமே இல்லை. ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும், தமிழில் தட்டினால் பக்திப் பாடல் வருகிறது, முயன்று பார்த்துவிட்டேன்.

உங்களுக்கு முதல் வீட்டுப்பாடம்: கே 183 என்று தேடுங்கள். என்ன வருகிறது என்று வந்து சொல்லுங்கள். நான் சொல்ல மாட்டேன்.

நூறு ரெக்கார்டிங்கில் எதை அமுக்குவது? எதையாவது அமுக்குங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். ஒன்றை நாலு தடவை கேட்டு மெட்டு மனதில் நின்ற பிறகுதான் இன்னொன்றோடு ஒப்பிடுவதில் ருசி வரும். பாக்கின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸை கிளென் கூல்ட் என்ற பியானோக்காரர் இரண்டு தடவை ஸ்டுடியோவில் பதிவு செய்தார். 1955இல் வாசித்தது சுமார் முப்பத்தெட்டரை நிமிடம், 1981இல் வாசித்தது ஐம்பத்தோரு நிமிடம். அதே ஆள், அதே நோட்டு. முதலாவதில் இளந்தாரி ஓடுகிறான், இரண்டாவதில் ஒவ்வொரு படியாகக் காலை வைத்து இறங்குகிறான். எனக்கு இரண்டாவது. என் தம்பிக்கு முதலாவது. பொங்கலுக்குப் பொங்கல் சண்டை.

எத்தனை பாகம் என்று தெரிந்துகொள்வது ஏன் முக்கியம் என்றால், பள்ளியில் படிக்கும்போது எங்களை விக்டோரியா அரங்குக்கு சிங்கப்பூர் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா கேட்கக் கூட்டிப்போனார்கள். சைகோவ்ஸ்கியின் ஆறாவது. மூன்றாம் பாகம் ஒரே அமர்க்களமாகப் போய்ப் பளீரென்று முடியும். நான் எழுந்தே நின்று கைதட்டினேன். இன்னும் ஒரு பாகம் பாக்கி, அதுவும் அழுகை மாதிரி மெதுவான பாகம். நடத்துநர் கையைத் தூக்கியபடி காத்திருந்தார். வாத்தியார் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது.

சுருதிப்பெட்டி:

பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாரா, சரி. நான் செங்காங்கில் வீட்டில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லித்தருகிறேன், கர்நாடக சங்கீதம்.

ஈசூன் சார், உங்களுக்குக் கட்டை தெரியும்தானே? ஒரு கட்டை சுருதி என்றால் சி. இரண்டு டி, மூன்று ஈ, நாலு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. ஏழு கட்டை பி, அதற்கு அரைக் கட்டை கீழே ஆறரை, அதுதான் பி பிளாட். நம் ஊரில் ஒருவர் ஒரு கட்டையில் பாடினாலும் ஐந்தரைக் கட்டையில் பாடினாலும் ஆரம்பத்தை "ஸ" என்றுதானே சொல்கிறோம்? ஸ என்பது இடத்தின் பெயர். மகளுடைய கிளாரினெட் அப்படித்தான். அவள் தாளில் "சி" என்று பார்த்து விரலை வைத்தால் வெளியே வருவது ஆறரைக் கட்டை. பி பிளாட் கிளாரினெட் என்று பெயரே அதனால்தான். ட்யூனர் சொன்னதும் சரி, அவள் சொன்னதும் சரி. டிரம்பெட் வாசிக்கும் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் இதே கணக்குதான். பேண்டுக்கு எழுதுகிறவர் ஒவ்வொரு கருவிக்கும் இதைக் கணக்குப் பண்ணித் தனித்தனித் தாள் எழுதிக் கொடுத்திருப்பார்.

அப்புறம், கிளாரினெட்டை அந்நியமாகப் பார்க்காதீர்கள். ஏ. கே. சி. நடராஜன் அதே குழலில் தோடி வாசித்தவர். திருச்சிக்காரர். மகளுக்கும் போட்டுக் காட்டுங்கள், அவளுடைய ஆசிரியர் சொல்லித்தராத வளைவெல்லாம் அதில் இருக்கிறது.

உங்கள் காதுக்கு எங்கிருந்து வாசல் என்று கேட்டால், இளையராஜாவே வைத்திருக்கிறார். "ஹவ் டு நேம் இட்" தொகுப்பில், வீட்டில் பாக்கைச் சந்தித்தேன் என்று பெயர் வைத்த உருப்படியில், பாக்கின் ஈ மேஜர் வயலின் பார்ட்டிட்டாவின் முகப்பிசை அப்படியே வரும். மூலம் பிடபிள்யூவி 1006. ஒற்றை வயலின், துணை வாத்தியம் கிடையாது. முதலில் ராஜாவுடையது, பிறகு மூலம், பிறகு மறுபடி ராஜாவுடையது என்று கேளுங்கள். அவர் எங்கே கை வைத்தார், எங்கே விட்டுவிட்டார் என்று தெரியும். 2025 மார்ச்சில் லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றியதற்கு முன்னால் அவர் இத்தனை ஆண்டு இந்த இசையைக் கேட்டுப் பழகியது இருக்கிறது. அதற்கும் முன்னால் போனால் முத்துசுவாமி தீட்சிதரே கிழக்கிந்தியக் கம்பெனி பேண்டுகளில் கேட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் போட்டிருக்கிறார், நோட்டுஸ்வரம் என்று என் மாணவர்களின் முதல் பாடங்களில் அவையும் உண்டு.

ஒரு எச்சரிக்கை மட்டும். கேட்கும்போது "இது எந்த ராகம்" என்று தேடிக்கொண்டே இருக்காதீர்கள். மேஜர் வந்தால் சங்கராபரணம், மைனர் வந்தால் நடபைரவி, கீரவாணி என்று மனது ஓடும். எனக்கு ஐந்து வருடம் அப்படி வீணாய்ப் போயிற்று. அவர்கள் ஸ்வரத்தை வளைத்து நிற்பதில்லை, பல குரலை ஒரே நேரத்தில் அடுக்குகிறார்கள். அடியில் போகும் குரலை மட்டும் ஒரு தடவை பிடித்துக்கொண்டு கேளுங்கள். ஹோல்ஸ்ட்டில் அதைத்தான் தெரியாமலே செய்துவிட்டீர்கள்.

எந்தச் சத்தம் எந்தக் கருவி என்று பழக, புரோக்கோஃபியெவ் 1936இல் குழந்தைகளுக்காக எழுதிய பீட்டரும் ஓநாயும் கதை போதும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வாத்தியம். பறவை புல்லாங்குழல், தாத்தா பசூன், ஓநாய் மூன்று ஹார்ன். வாத்து கிளாரினெட் இல்லை, ஓபோ. பூனைதான் கிளாரினெட். மகளிடம் இனி வாத்து என்று சொல்லாதீர்கள்.

ஈசூன்வாசி:

இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. ஆறரைக் கட்டை! நேற்று ராத்திரி மகளிடம் போய் "நீ ஆறரைக் கட்டைப் பெண்" என்றேன். முறைத்தாள்.

வீட்டுப்பாடம் முடித்துவிட்டேன், டிராம்போன் அண்ணே. ஒரு மாத இலவசச் சந்தாவில் ஆப்பைப் போட்டு, அட்மிரல்ட்டியில் உட்கார இடம் கிடைத்ததும் கே 183 தட்டினேன். மோட்சார்ட், சிம்பொனி 25, ஜி மைனர். முதல் பாகம் படபடவென்று ஓடத் தொடங்கியது. அதற்குள்ளேயே அது வந்தது. டைட்டன்! வாய்விட்டே "அட" என்றேன், பக்கத்து ஆண்ட்டி பையை இழுத்து வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் டிவி கிடையாது, பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்த விளம்பரம். கைக்கடிகாரத்தைப் பரிசாகக் கொடுப்பார்கள், நமக்கு யார் கொடுப்பார் என்று இருக்கும். அது 1773இல் பதினேழு வயதுப் பையன் எழுதியதாம். நான் பதினேழு வயதில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று இங்கே எழுத முடியாது.

முன்பு ஒரு தடவை, பேண்ட் பயிற்சியைக் கேட்டுப் பாட்டின் பெயரைக் கண்டுபிடிக்கட்டும் என்று பள்ளி வாசலில் கைப்பேசியை நீட்டிப் பிடித்தேன். எதுவும் கிடைக்கவில்லை. அதுவும் ஏன் என்று யாராவது சொல்லுங்கள்.

புதுப் பிரச்சினை: ரயிலில் மெதுவான இடம் வந்தால் ஒன்றுமே கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினால் அடுத்த நொடி மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் காதுக்குள் குதிக்கிறது. கிராஞ்சிக்கும் இயூ டீக்கும் நடுவில் ரயில் வேகம் எடுக்கும்போது மோட்சார்ட் காணாமலே போய்விடுகிறார். டேட்டாவும் நிறையப் போகிறதா?

வயர்மேன்:

ஆப் சண்டைக்கு வரவில்லை, வேலையை மட்டும் சொல்கிறேன்.

பெயர் கண்டுபிடிக்கும் ஆப் மெட்டைக் கேட்பதில்லை. ஷசாம் மாதிரியானவை ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும் ஒரு கைரேகை வைத்திருக்கும், நீங்கள் பிடித்துக் கொடுத்த ஒலியின் கைரேகையோடு பொருத்திப் பார்க்கும். உங்கள் மகளின் பேண்ட் வாசிப்பது அந்தக் கிடங்கில் இல்லை, பொருந்தாது. கூகுள் ஆப்பில் முணுமுணுத்துத் தேடும் வசதி 2020இல் வந்தது, அது மெட்டின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கும். நேரடியாக வாசிப்பதைக் கேட்டு, பிறகு நீங்களே முணுமுணுத்தால் கிடைக்க வாய்ப்பு உண்டு.

டேட்டா: 256 கேபிபிஎஸ் தரம் என்றால் மணிக்கு 115 எம்பி அளவு. லாஸ்லெஸ் (ஒலியில் எதுவும் குறையாத தரம்) போட்டால் அதைப்போல் இரண்டு மூன்று மடங்குக்கு மேல் போகும். உங்களிடம் இருப்பது சாதாரண புளூடூத் இயர்பட்ஸ் என்றால் லாஸ்லெஸ் முழுதாகக் காதுக்கு வராது, வழியிலேயே சுருக்கித்தான் அனுப்பும். ரயிலில் அணைத்துவிடுங்கள். வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டு கிளம்புவது இன்னும் நல்லது.

சத்தம்: இந்த இசையில் மெதுவுக்கும் உரத்ததுக்கும் இடைவெளி பெரியது, சினிமாப் பாட்டை மாதிரி நசுக்கி ஒரே மட்டத்தில் வைக்க மாட்டார்கள். இரைச்சல் தடுக்கும் இயர்பட்ஸ் உதவும். அதைவிட, இடத்துக்கு ஏற்ற உருப்படி. ரயிலுக்கு ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியம்), பாக், விவால்டி, ஒற்றை வயலின், ஒற்றைப் பியானோ. பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதிய மாலர், புரூக்னரை எல்லாம் ராத்திரி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாட்டு மங்கி அடுத்தது எழும்பும் கிராஸ்ஃபேட் அமைப்பைக் கட்டாயம் அணையுங்கள். பீத்தோவன் ஐந்தில் மூன்றாம் பாகமும் நான்காம் பாகமும் நிற்காமல் ஒட்டி வரும். மெண்டல்சன் வயலின் கான்செர்ட்டோவில் (ஒரு தனி வாத்தியத்தை முன்னால் வைத்து ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிப்பது) முதல் பாகம் முடிந்ததும் ஒரு பசூன் மட்டும் ஒரே ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு அடுத்த பாகத்துக்குள் கூட்டிப்போகும். அந்த இடத்தில் ஆப் அரை நொடி நின்றாலும் தெரியும். புது ஆப் போட்டால் நான் முதலில் சோதிப்பது அந்த பசூனைத்தான்.

தோட்டத்து_நாற்காலி:

எல்லாரும் ஏன் சந்தா கட்டச் சொல்கிறீர்கள் என்று புரியவில்லை. நான் முப்பது வருடமாகக் காசில்லாமல் கேட்கிறேன். சிம்பொனி 92.4 வானொலி இருக்கிறது, காலையில் கோப்பி கலக்கும்போதே போட்டுவிடலாம், எது எதற்கு அடுத்தது என்று நீங்கள் யோசிக்க வேண்டாம். யூடியூபில் பிராங்க்பர்ட் வானொலி ஆர்க்கெஸ்ட்ரா முழுக் கச்சேரியாகப் போடுகிறது. யார் ஊதுகிறார், யார் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று கண்ணால் பார்க்கலாம். கிளாரினெட் படிக்கிற பிள்ளைக்கு அதுதான் முக்கியம். வாசிக்கும் இசைக் குறிப்புத் தாள் வேண்டுமென்றால் ஐஎம்எஸ்எல்பி தளத்தில் காப்புரிமை முடிந்ததெல்லாம் இலவசம், எஸ்பிளனேட் நூலகத்தில் கையில் எடுத்தும் பார்க்கலாம்.

நேரில் கேளுங்கள் ஐயா. பூமலையில், அதாவது தாவரவியல் பூங்காவில், ஏரிக்கு நடுவே மேடை இருக்கிறது, சிங்கப்பூர் சிம்பொனி அங்கே இலவசமாக வாசிக்கும். பாய் எடுத்துப்போங்கள், குடையும் எடுத்துப்போங்கள். கென்ட் ரிட்ஜில் யோங் சியூ தோ இசைக் கல்லூரி மாணவர்கள் கச்சேரிகளில் நிறைய இலவசம். இருபது வயதுப் பிள்ளைகள் உயிரைக் கொடுத்து வாசிப்பார்கள், பாதி இருக்கை காலி.

பழைய_டிராம்போன்:

நாற்காலி சொல்வதில் தப்பில்லை, பூமலையில் நானும் நனைந்திருக்கிறேன். ஆனால் வானொலி தருவதை நாம் கேட்கிறோம். மகள் தாளில் எழுதிக் கொடுத்ததைக் கேட்க அப்பாவுக்கு ஆப் வேண்டும். அதற்குத்தான் சந்தா.

தம்பி, அடுத்த வீட்டுப்பாடம் மகளோடு சேர்ந்து செய்யுங்கள். கே 622. மோட்சார்ட்டின் கிளாரினெட் கான்செர்ட்டோ, 1791. அவர் செத்துப்போன வருடம். அன்டோன் ஸ்டாட்லர் என்ற நண்பருக்காக எழுதியது. இரண்டாம் பாகத்தை மட்டும் ரயிலில் கேட்காதீர்கள்.

ஈசூன்வாசி:

சொன்னபடி செய்தோம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டபிறகு, ஹாலில் மின்விசிறியைக் கூட அணைத்துவிட்டு, சின்ன ஸ்பீக்கரில். வெந்துபோனோம். இரண்டாம் பாகம் ஆரம்பித்ததும் என் மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு இது எதுவும் தெரியாது, "யாருக்காவது உடம்பு சரியில்லையா" என்று மட்டும் கேட்டாள். ஏழெட்டு நிமிடம் யாரும் பேசவில்லை.

முடிந்ததும் மகள் சொன்னாள்: "இது ஏ கிளாரினெட் அப்பா. என்னுடையது இல்லை, இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கும்." நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டு "அப்படியென்றால் ஆறு கட்டை" என்றேன். அவள் போனை எடுத்து ஏதோ தேடினாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை, சுருதிப்பெட்டி அக்கா, உங்களுக்குத்தான் சேர வேண்டும். ராத்திரி அவளாகவே ஏ. கே. சி. நடராஜனைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வளைவை ஊதிப் பார்த்தாள். வாத்து திரும்பி வந்துவிட்டது, பரவாயில்லை.

இலவச மாதம் முடிந்ததும் குடும்பச் சந்தா கட்டிவிடுகிறேன், விசாரணை வராது என்று நினைக்கிறேன். வயர்மேன் சொன்ன கிராஸ்ஃபேடைத் தேடிப் பார்த்தேன், என் பழைய ஆப்பில் முதல் நாளிலிருந்தே அது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நாற்காலி ஐயா, பாய் வாங்கியாயிற்று.

அடுத்த வெள்ளி இரவு விக்டோரியா அரங்குக்கு மூன்று டிக்கெட் எடுத்திருக்கிறேன். பீத்தோவன் ஐந்து, நான்கு பாகம், கடைசி இரண்டும் ஒட்டிக்கொண்டு வரும் என்று மகளுக்கே நான் சொல்லிக்கொடுத்தேன். இருந்தாலும் பயமாகத்தான் இருக்கிறது. டிராம்போன் அண்ணே, நீங்கள் வருகிறீர்களா? எந்தப் பக்கம் உட்காருவீர்கள் என்று சொல்லுங்கள், நீங்கள் கைதட்டினால்தான் நான் தட்டுவேன்.

பழைய_டிராம்போன்:

மாடியில், இடது ஓரம். ஆனால் என்னைப் பார்க்காதீர்கள், மகளைப் பாருங்கள்.